பிரிந்த கணவர் மூலம் 2-வது குழந்தை கேட்டு மனைவி வழக்கு: சம்மதம் இல்லாமல் கோர்ட்டு உத்தரவு போட முடியுமா?

பிரம்மதேசம்:

கணவன்-மனைவி பிரிந்தாச்சு. விவாகரத்து வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. ஏற்கனவே ஒரு குழந்தை இருக்கிறது. இந்த நிலையில், "எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும், அதுவும் இதே கணவர் மூலம்தான் வேண்டும்" என்று மனைவி கோர்ட்டு படி ஏறினால் என்ன ஆகும்?

கேட்பதற்கு சினிமா கதை மாதிரி இருந்தாலும், மராட்டிய மாநிலம் நாந்தெட்டில் இது உண்மையிலேயே நடந்தது. 2019-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்குள்ள குடும்ப நல கோர்ட்டு இந்த வழக்கில் பிறப்பித்த உத்தரவு நாடு முழுக்க பரபரப்பாக பேசப்பட்டது. "கணவனே வேணாம்னு போன பிறகு அவன் பிள்ளை மட்டும் எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. "அந்த பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்றவர்களும் உண்டு.

அந்த வழக்கின் விவரம் வருமாறு:-

மனு போட்ட பெண்ணுக்கு அப்போது வயது 35. கணவர் மும்பையில் விவாகரத்து கேட்டு ஏற்கனவே வழக்கு போட்டிருந்தார். அது முடியவில்லை. அந்த பெண் நாந்தெட் கோர்ட்டில் தனியாக மனு போட்டார். கணவர் சேர்ந்து வாழ வரவேண்டும், இல்லாவிட்டால் செயற்கை முறை கருத்தரிப்பு சிகிச்சைக்காவது ஒத்துழைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. வயது ஏறிக்கொண்டே போகிறது, வழக்கு முடிவதற்குள் குழந்தை பெறும் காலம் தாண்டிவிடும் என்பது அவர் வாதம்.

கணவர் தரப்பு இதை கடுமையாக எதிர்த்தது. விவாகரத்து கேட்டு நிற்கிறவரிடம் போய் குழந்தை கேட்பது சட்டத்துக்கும் சமுதாய வழக்கத்துக்கும் ஒத்துவராது என்று சொன்னார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி சுவாதி சவுகான், குழந்தை பெற்றுக்கொள்வது ஒரு பெண்ணின் அடிப்படை உரிமை என்று எடுத்துக் கொண்டார். இருவரும் கவுன்சிலிங் போக வேண்டும், கருத்தரிப்பு சிகிச்சை டாக்டரை பார்த்து ஆலோசனை பெற வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"பிரிந்த கணவர் மூலம் குழந்தை பெற கோர்ட்டு அனுமதி" என்று பலர் அன்றைக்கு நினைத்துக் கொண்டார்கள். உத்தரவில் இருந்தது அது இல்லை. உயிரணு கொடுப்பவரின் சம்மதம் இல்லாமல் இந்த சிகிச்சை நடக்காது, கணவரை கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் அதே கோர்ட்டுதான் சொன்னது. போட்ட உத்தரவு டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள் என்கிற அளவுக்குத்தான். வழக்கின் உயிர் நாடியே இந்த இடம்தான்.

ஏன் அதே அப்பா?

வேறு ஒருவரை கல்யாணம் செய்து குழந்தை பெற்றுக்கொள்ளலாமே என்று எளிதாக கேட்டுவிடலாம். ஆனால் பிரிந்து போன பெண்களிடம் பேசினால் காரணம் வேறு மாதிரி இருக்கும். பெரியவனுக்கு ஒரு துணை வேணும். நாளைக்கு நான் இல்லைன்னா அவனுக்கு கூடப்பிறந்ததுன்னு ஒண்ணு இருக்கணும். ஒரே அப்பா, ஒரே அம்மாவா இருந்தா ரெண்டும் ஒட்டி இருக்கும். வேற அப்பான்னா ஊர் பிரிச்சு பேசும். இதுதான் பெரும்பாலும் மனதில் ஓடுகிற கணக்கு.

சில நேரம் மருத்துவ காரணமும் வரும். முதல் குழந்தைக்கு தலசீமியா மாதிரி ரத்த நோய் இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய வேண்டி வரும். அதற்கு கூடப்பிறந்தவர்களின் மஜ்ஜைதான் பொருந்த அதிக வாய்ப்பு. ஒரே பெற்றோருக்கு பிறந்த இன்னொரு குழந்தையோடது முழுசாக பொருந்துவதற்கு 100-க்கு 25 வாய்ப்பு என்பது டாக்டர்கள் கணக்கு. அப்படிப்பட்ட தாய்க்கு வேறு ஒருவர் மூலம் குழந்தை பிறந்தால் இந்த விஷயத்துக்கு அது உதவுவது கஷ்டம்.

வயது பிரச்சினையும் பொய் இல்லை. 35-க்கு மேல் பெண்களுக்கு கரு தரிக்கும் வாய்ப்பு வேகமாக குறையும். கோர்ட்டில் ஒரு வாய்தா தள்ளி போனால் 2 மாதம். இப்படி 20 வாய்தா ஆனால் 3 வருடத்துக்கு மேல் ஓடிப்போகும். ஆணுக்கு அந்த அவசரம் கிடையாது. நாந்தெட் பெண்ணின் மனுவில் நியாயம் இருக்கிற இடம் இது.

நடிகை சரிதா வழக்கு

சேர்ந்து வாழ வரச்சொல்லி கோர்ட்டில் கேட்கும் உரிமை 1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டத்தின் 9-வது பிரிவில் இருக்கிறது. இந்த பிரிவு செல்லுமா, செல்லாதா என்று பெரிய சண்டையே நடந்தது. அதில் சம்பந்தப்பட்டவர் தமிழ், தெலுங்கு ரசிகர்களுக்கு நன்றாக தெரிந்த நடிகை சரிதா. சிறு வயதில் நடந்த கல்யாணம், உடனே பிரிவு. கணவர் சேர்ந்து வாழ வரச்சொல்லி வழக்கு போட்டார்.

1983-ல் ஆந்திர ஐகோர்ட்டு நீதிபதி சவுத்ரி அந்த 9-வது பிரிவே செல்லாது என்று தீர்ப்பு கூறினார். அதற்கு அவர் சொன்ன முக்கிய காரணம், இப்படி உத்தரவு போட்டால் குழந்தை பெறுவதா வேண்டாமா, எப்போது பெறுவது என்கிற முடிவு அந்த பெண்ணின் கையை விட்டு அரசாங்கத்தின் கைக்கு போய்விடும் என்பதுதான். 36 வருடம் கழித்து நாந்தெட்டில் இதே கேள்வி ஆண் பக்கமாக திரும்பி நின்றது.

ஆனால் 1984-ல் வேறு ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 9-வது பிரிவு செல்லும் என்று கூறிவிட்டது. கல்யாணத்தை காப்பாற்றத்தான் அந்த பிரிவு, யாரையும் பலவந்தமாக இழுத்து வந்து விடுவதற்கு இல்லை என்று விளக்கம் சொன்னது. உத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். ஆளை கையை பிடித்து வீட்டுக்குள் தள்ள எந்த அமீனாவுக்கும் அதிகாரம் இல்லை. சேர்ந்து வாழவே இழுத்து வர முடியாதபோது குழந்தைக்கு எப்படி இழுத்து வருவது?

இதுக்கு நேர் எதிரான வழக்கு

கணவர் குழந்தை கேட்டு மனைவி மறுத்தால்? அதற்கும் வழக்கு இருக்கிறது. பஞ்சாப், அரியானா பக்கம் நடந்தது. 1994-ல் கல்யாணம், அடுத்த வருடம் ஆண் குழந்தை. 1999-ல் இருந்து பிரிவு. பிறகு 2002 கடைசியில் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். மனைவி கர்ப்பம் ஆனார். ஆனால் ஒத்து போகவில்லை. 2003-ல் கருவை கலைத்து விட்டார்.

"என் சம்மதம் இல்லாமல் என் குழந்தையை கலைத்து விட்டார்" என்று கணவர் நஷ்ட ஈடு கேட்டார். மனைவி மீது மட்டும் இல்லாமல் டாக்டர்கள் மீதும் வழக்கு. 2011-ல் ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளுபடி செய்தது. கருவை சுமப்பதா வேண்டாமா என்பது அந்த பெண்ணின் முடிவு, கணவர் கையெழுத்து தேவை இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அதற்கும் முன்பு 2009-ல் இன்னொரு வழக்கில், குழந்தை பெற்றுக்கொள்வது எப்படி ஒரு பெண்ணின் சொந்த சுதந்திரமோ, பெறாமல் இருப்பதும் அதே சுதந்திரத்தில் அடக்கம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. இப்போது நாந்தெட் கணவரை நினைத்துப் பாருங்கள். மனைவிக்கு "வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு என்றால் கணவருக்கு அது இல்லை என்று எந்த கோர்ட்டு சொல்லும்?

வெளிநாட்டில் என்ன ஆச்சு?

இங்கிலாந்தில் நடாலி இவான்ஸ் என்ற பெண்ணின் வழக்கு உலகமே கவனித்தது. 2001-ல் அவருக்கு முட்டை உருவாகும் சினைப்பையில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டி இருப்பது தெரிந்தது. சினைப்பையை எடுப்பதற்கு முன்பு அவரும், அவருடன் வாழ்ந்த ஜான்ஸ்டன் என்பவரும் சேர்ந்து 6 கருக்களை உருவாக்கி ஆஸ்பத்திரியில் உறைய வைத்தார்கள். அடுத்த வருடம் பிரிந்தார்கள். ஜான்ஸ்டன் சம்மதத்தை வாபஸ் வாங்கினார். இவான்ஸ் இனிமேல் தன் ரத்தத்தில் குழந்தை பெற வேறு வழியே கிடையாது.

அப்படியும் ஒவ்வொரு கோர்ட்டிலும் தோற்றார். கடைசியில் 2007 ஏப்ரல் 10-ந்தேதி ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டின் 17 நீதிபதிகளில் 13 பேர் அவருக்கு எதிராக தீர்ப்பு கூறினார்கள். விருப்பம் இல்லாதவரை தகப்பன் ஆக்க முடியாது என்று முடிந்தது.

இஸ்ரேலில் மட்டும் கதை மாறியது. நாக்மனி என்ற தம்பதி வழக்கு. மனைவிக்கு நோயால் கருப்பையை எடுத்து விட்டார்கள். வாடகை தாய் மூலம் பெறுவதற்காக கருக்களை உறைய வைத்திருந்தார்கள். கணவர் வேறு பெண்ணோடு போய்விட்டார். கருவை கொடுக்க மாட்டேன் என்றார். 1996-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 7-க்கு 4 என்ற கணக்கில் மனைவிக்கு கொடுக்கச் சொன்னது.

இந்த இரண்டு வழக்கிலும் கரு ஏற்கனவே உருவாகி ஐஸ் பெட்டியில் இருந்தது. இருவரும் ஒரு காலத்தில் மனம் ஒத்து கையெழுத்து போட்டு உருவாக்கியது. நாந்தெட் வழக்கில் அப்படி எதுவும் இல்லை. இனிமேல்தான் உயிரணுவே கொடுக்க வேண்டும். இஸ்ரேல் தீர்ப்பை காட்டி நம்ம நாட்டில் வாதாட நினைத்தால் அங்கேயே வழுக்கும்.

2021 சட்டம் வந்த பிறகு

நாந்தெட் உத்தரவு வந்தபோது கருத்தரிப்பு மையங்களுக்கு என்று தனி சட்டம் கிடையாது. வழிகாட்டி விதிகள்தான். அதன் பிறகு 2021-ல் செயற்கை கருத்தரிப்பு ஒழுங்குமுறை சட்டமும், வாடகை தாய் சட்டமும் வந்தது. இரண்டும் 2022 ஜனவரி 25-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது. இன்றைக்கு அதே மனு போட்டால் நிலைமை இன்னும் தெளிவு.

சிகிச்சை கேட்கும் எல்லோரும் எழுத்து மூலம் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் மனம் மாறலாம். கருவோ உயிரணுவோ பெண்ணின் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பு வரை தம்பதியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். சட்டத்திலேயே அப்படி எழுதி இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவு செய்து, ஊசி போட்டு, மருந்து தின்று, கடைசி நாளில் ஒருத்தர் "வேண்டாம்" என்றால் அத்தோடு சரி.

தம்பதி என்றால் கல்யாணம் ஆன தம்பதி. விவாகரத்து ஆகிவிட்டால் அவர்கள் தம்பதி கணக்கில் வர மாட்டார்கள். அந்த பெண் தனியாக போகலாம். 21 வயதுக்கு மேல் 50 வயது வரை உள்ள பெண், கல்யாணம் ஆகாதவரோ, கணவரை இழந்தவரோ, விவாகரத்து ஆனவரோ, தனியாகவே சிகிச்சை பெறலாம். உயிரணு பதிவு பெற்ற வங்கி மூலம் வரும். "எனக்கு அவரோடதுதான் வேணும்" என்று முன்னாள் கணவரை காட்டி கேட்கும் ஏற்பாடு அந்த சட்டத்தில் இல்லை.

அதாவது விவாகரத்து ஆன பெண் தாய் ஆக தடை இல்லை. 35 முதல் 45 வயது வரை உள்ள விவாகரத்து ஆன பெண் மருத்துவ காரணம் இருந்தால் வாடகை தாய் மூலமும் பெறலாம். ஆனால் பெரிய பிள்ளைக்கு அதே அப்பாவின் தம்பி, தங்கை வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் ஆஸ்பத்திரி வழியாக கதவு கிடையாது. ஆணுக்கு இன்னும் மோசம். விவாகரத்து ஆன ஆண் தனியாக போய் இந்த இரண்டு சட்டத்திலும் எதுவும் கேட்க முடியாது.

குஜராத்தில் 2021 ஜூலையில் நடந்ததை சிலர் உதாரணம் காட்டுவார்கள். கொரோனாவில் சாகக்கிடந்த கணவரின் உயிரணுவை எடுத்து வைக்க மனைவி கேட்டு, ஐகோர்ட்டு அவசர உத்தரவு போட்டது. அடுத்த ஓரிரு நாளில் கணவர் இறந்து விட்டார். அங்கே கணவர் நினைவில்லாமல் கிடந்தார். சரி என்றோ முடியாது என்றோ சொல்லும் நிலையில் இல்லை. உயிரோடு நின்று "மாட்டேன்" என்று சொல்கிறவர் விஷயம் வேறு.

நம்ம ஐகோர்ட்டு சொன்னது

தமிழ்நாட்டில் இதற்கு பக்கத்தில் வரும் வழக்கு ஜெயிலில் இருந்து வந்தது. பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்த ஆயுள் கைதி ஒருவருக்கு குழந்தை இல்லை. மனைவி கேட்டதன் பேரில் 2018 ஜனவரியில் மதுரை ஐகோர்ட்டு கிளை 2 வாரம் லீவு கொடுத்தது. பெரிய பரபரப்பு ஆனது. பிறகு 2022 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டில் 3 நீதிபதிகள் அமர்வு இதை பரிசீலித்து ஒரு எல்லை போட்டது. குழந்தை இல்லாத கைதி சிகிச்சைக்காக லீவு கேட்டால் அது விசேஷ காரணம். ஏற்கனவே குழந்தை இருந்தால் அது விசேஷ காரணம் ஆகாது.

ஜெயில் விதி வேறு, குடும்ப வழக்கு வேறு. ஆனாலும் முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் கோர்ட்டு எப்படி வித்தியாசம் பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது. நாந்தெட் பெண்ணுக்கும் முதல் குழந்தை இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உப்பள ஊரில் இது எப்படி வரும்?

இதெல்லாம் பெரிய இடத்து வழக்கு, மரக்காணம் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கிறவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தி எல்லாம் தண்ணீர். வேலை இல்லாத மாதங்களுக்கு அரசாங்கம் தரும் 5 ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை எதிர்பார்க்கும் குடும்பம் லட்சக்கணக்கில் கட்டி கருத்தரிப்பு மையத்துக்கு போகாது என்பது உண்மைதான்.

பிரம்மதேசம் சுற்று வட்டாரத்தில் இந்த பிரச்சினை வேறு வடிவத்தில் வரும். புருஷன் பொண்டாட்டி பிரிந்து 2, 3 வருடம் ஆகியிருக்கும். பிள்ளையை பார்க்க வருகிற சாக்கில் பேச்சு வார்த்தை ஆரம்பிக்கும். "ஒரு பிள்ளையோட நிக்குது, இன்னொண்ணு பெத்துக்கலாம், எல்லாம் சரியா போயிடும்" என்று மாமியாரோ, அத்தையோ சொல்வார்கள். முதலில் பொம்பளை பிள்ளை என்றால் ஆண் பிள்ளை ஆசை காட்டுவார்கள். அங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது, நிஜமாகவே விவாகரத்து ஆகி இருக்கிறதா என்பது. கிராமத்தில் பல பேர் கோர்ட்டுக்கே போவது இல்லை. ஊர் பெரியவர்களை வைத்து பேசி, நகை, பாத்திரத்தை திருப்பி வாங்கிக்கொண்டு, 20 ரூபாய் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்து போட்டு "தீர்த்து விட்டாச்சு" என்பார்கள். அந்த பத்திரம் விவாகரத்து ஆகாது. அந்த சாதியில் காலம் காலமாக அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய சட்டப்படி அவர்கள் இன்னமும் கணவன்-மனைவிதான்.

அப்படி இருந்தால் இரண்டாவது குழந்தை பிறந்தாலும் அது முறையான குழந்தை. அப்பா சொத்தில் முதல் பிள்ளைக்கு உள்ள அத்தனை உரிமையும் உண்டு. இடையில் அந்த ஆள் வேறு ஒரு பெண்ணுக்கு தாலி கட்டி இருந்தால் அந்த இரண்டாவது கல்யாணம்தான் செல்லாது. அதற்கு 7 வருடம் வரை ஜெயில் தண்டனையும் உண்டு. ஆனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளை சட்டம் தண்டிக்காது. அப்பா சொத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தி விட்டது.

280 நாள் கணக்கு

கோர்ட்டில் முறைப்படி விவாகரத்து ஆகி இருந்தால் கணக்கு மாறும். விவாகரத்து ஆன பிறகு இருவரும் மனம் ஒத்து பழகினால் அது குற்றம் இல்லை. போலீசுக்கோ ஊருக்கோ அதில் வேலை இல்லை. ஆனால் பிறக்கும் குழந்தையின் நிலைதான் சிக்கல்.

விவாகரத்து ஆன நாளில் இருந்து 280 நாளுக்குள் குழந்தை பிறந்து, அதுவரை தாய் மறுமணம் செய்யாமல் இருந்தால் அது அந்த கணவரின் முறையான குழந்தை என்று சட்டமே ஏற்றுக்கொள்ளும். 281-வது நாள் பிறந்தால் அந்த பாதுகாப்பு கிடையாது. தகப்பன் யார் என்று தாய்தான் நிரூபிக்க வேண்டும்.

நிரூபித்தால் ஜீவனாம்சம் கிடைக்கும். முறையான குழந்தையா, இல்லையா என்று பார்க்காமல் தகப்பன் சோறு போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். சொத்து விஷயத்தில்தான் அடி விழும். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இந்து வாரிசு சட்டப்படி தாய் சொத்தில் உரிமை உண்டு. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் தானாக உரிமை வராது. ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்கு பிறந்த இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு அப்பாவின் வீட்டு மனையில் பங்கு. இளையவனுக்கு இல்லை. துணைக்கு என்று பெற்ற பிள்ளையை வாரிசு சான்றிதழில் விட்டு விட்டால் அண்ணன் தம்பி உறவு எப்படி இருக்கும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்கும் உண்மையிலேயே குழந்தை ஆசை இருந்தால் மறுபடியும் கல்யாணம் செய்து கொண்டு பிறகு பெறலாம். விவாகரத்து ஆனவர்கள் அப்பீல் காலம் முடிந்த பிறகு அதே ஆளையே திரும்ப கட்டிக்கொள்ள தடை இல்லை. மண்டபம், ஐயர் எதுவும் வேண்டாம். அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டு வந்த சுயமரியாதை திருமண சட்டப்படி உறவுக்காரர்கள், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும். செலவு ஒரு நாள் கூலியை தாண்டினாலும் பிள்ளையின் பங்குக்கு முன்னால் அது ஒன்றும் இல்லை. (முஸ்லிம், கிறிஸ்தவர்களுக்கு தனி சட்டம் என்பதால் விதிகள் மாறும்.)

மறு கல்யாணத்துக்கு மட்டும் வர மாட்டேன், பிள்ளை மட்டும் வேண்டும் என்று ஆண் சொன்னால், அந்த பேச்சிலேயே அவர் எண்ணம் தெரிந்துவிடும். கல்யாணம் செய்து கொள்கிறேன் என்று பொய்யாக ஆசை காட்டி உறவு வைத்து ஏமாற்றினால் புதிய குற்றவியல் சட்டத்தில் 10 வருடம் வரை தண்டனை இருக்கிறது.

பலவந்தம் செய்தால்

கணவன்-மனைவி என்றால் எதுவும் செய்யலாம் என்று இன்னும் பல ஆண்கள் நினைக்கிறார்கள். பிரிந்து வாழும் மனைவியிடம், அவர் சம்மதம் இல்லாமல் கணவர் உறவு கொண்டால் குறைந்தது 2 வருடம், அதிகம் 7 வருடம் ஜெயில். கோர்ட்டு உத்தரவு பெற்று பிரிந்தாலும், சண்டை போட்டு அம்மா வீட்டுக்கு வந்து விட்டாலும் ஒன்றுதான். விவாகரத்தே ஆகி இருந்தால் அது நேரடியாக கற்பழிப்பு குற்றம். தண்டனை 10 வருடத்தில் ஆரம்பிக்கும். "என் பொண்டாட்டிதானே, என் பிள்ளைக்குத்தானே" என்ற பேச்சு போலீஸ் நிலையத்தில் எடுபடாது.

வழக்கு நடந்துகொண்டு இருக்கும்போது சேர்ந்தாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கொடுமை காரணம் காட்டி விவாகரத்து கேட்டவர், இடையில் அதே ஆளுடன் சேர்ந்து வாழ்ந்தால் பழைய கொடுமையை மன்னித்து விட்டதாக கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் விவாகரத்து கேட்ட அந்த காரணம் நிற்காது. வயிற்றில் பிள்ளையோடு வாய்தாவுக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் எதிர் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். சமாதானம் ஆகிவிட்டால் வழக்கை முறையாக வாபஸ் வாங்கிவிட்டு சேருவது நல்லது. ஆகவில்லை என்றால் வக்கீலிடம் சொல்லாமல் எதையும் செய்யாமல் இருப்பது நல்லது.

பிறப்பு சான்றிதழ்

தகப்பன் பெயர் இல்லாமல் பிள்ளையை பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா என்ற பயம் தாய்மார்களுக்கு நிறைய இருக்கிறது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இதில் தீர்ப்பு கூறி இருக்கிறது. கல்யாணம் ஆகாத தாய், தகப்பன் பெயரை சொல்லாமலேயே குழந்தைக்கு கார்டியன் ஆகலாம், தாய் உறுதிமொழி கொடுத்தால் பிறப்பு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அதில் உள்ளது. கிராம சுகாதார நர்ஸ் பதிவேட்டில் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே பதிவு செய்து விட்டால் பிறப்பு சான்றிதழ் வாங்கும்போது அலைச்சல் குறையும். தகப்பன் ஒத்துக்கொண்டு இருக்கிற காலத்திலேயே அவர் பெயரை பதிவில் சேர்த்து விடுவது, பின்னால் ஜீவனாம்ச வழக்கு வந்தால் கைகொடுக்கும்.

வக்கீலுக்கு பணம் இல்லை என்று யாரும் ஊர் பத்திரத்தில் கையெழுத்து போட வேண்டியது இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் வைத்து தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டம் சொல்கிறது. திண்டிவனம் கோர்ட்டு வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற நம்பருக்கு போன் செய்தும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. போகும்போது கல்யாண பத்திரிகை, போட்டோ, முதல் குழந்தையின் பிறப்பு சான்றிதழ், ரேஷன் கார்டு, ஊரில் எழுதிய பத்திரம் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.